கட்டைவிரலுக்கு ஒரு பஸ்ஸர்

மார்ச் 4, செவ்வாய்

தைக்க வந்த துணியெல்லாம் அப்படியே கிடக்கிறது. நான் பரணில் ஏறி, மகள் கல்லூரிக்குப் போகும்போது விட்டுப்போன அட்டைப்பெட்டியை இறக்கினேன். பள்ளியில் அவள் நோண்டிக்கொண்டிருந்த மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, ஒரு கொத்து ஒயர், பொத்தான் அளவில் ஒரு பஸ்ஸர். இவர் எட்டிப் பார்த்து, "வயசான காலத்துல இது வேறயா?" என்றார். நாற்பத்தாறு வயசான காலமாம்!

இவர் முடிவெட்டும் சலூனில் கண்ணாடி உடைந்து வலது கையைக் கிழித்ததிலிருந்து கட்டைவிரல் மடங்கவில்லை. தசைநாரைத் தைத்து, புண்ணும் ஆறிவிட்டது. பயிற்சி செய்தால் மடங்கும் என்கிறார் பிசியோதெரபி அம்மா. இவர் செய்தால்தானே! "மடங்காத விரல மடக்கு மடக்குன்னா எப்படி? சுவத்தோட பேசுற மாதிரி இருக்கு" என்கிறார். கத்தரியில் வேலை செய்வதே கட்டைவிரல்தான், மற்ற விரல்கள் சும்மா பிடித்துக்கொண்டிருக்கும். மாதக் கடைசியில் கடைச் சாவியை, வாடகைக்கு விட்ட கட்டடக்காரரிடம் கொடுத்துவிடப் போகிறாராம். முடிவு எடுத்தாகிவிட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்டாரா?

சுவர் பதில் சொன்னால் பேசுவார்தானே? சொல்ல வைக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

வளைவு சென்சார் வாங்கி வந்தேன். அளவு நாடாவில் வெட்டிய துண்டு மாதிரி இருக்கிறது. வளைத்தால் அதில் மின்தடை கூடும். போர்டில் அனலாக் பின் என்று ஒன்று இருக்கிறது, அது அந்த வளைவை எண்ணாக்கிக் கம்ப்யூட்டர் திரையில் காட்டும். மகள் போனிலேயே கூடவே இருந்தாள்.

"கிரவுண்டு குடுத்தியாம்மா?"

"குடுத்தேன்டி, எல்லாம் குடுத்தேன்."

"போட்டோ அனுப்பு... ஐயோ அம்மா, அது அஞ்சு வோல்ட்!"

பிடுங்கிக் கிரவுண்டுத் துளையில் மாட்டினேன். கையுறை தைப்பதில் மட்டும் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். கட்டைவிரல் முதுகில் சென்சாருக்கு ஒரு பை வைத்தேன். எண் கொஞ்சம் ஏறினாலும் பஸ்ஸர் கத்தும்.

மார்ச் 8, சனி

கத்தியது! கத்தியது!

கையுறையோடு இவர் கையை மேசைமேல் வைத்ததுமே 'கீ' என்றது. "நான் மடக்குனது எனக்கே தெரியலையே!" என்று எழுந்து நின்றுவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மகளுக்குப் போன், என் அண்ணனுக்குப் போன், பிசியோ அம்மாவுக்கும் போன். சாயங்காலம் முழுக்க இவரே உட்கார்ந்து பயிற்சி செய்தார். யாரும் சொல்லவில்லை!

மார்ச் 9, ஞாயிறு

பாவி நான்.

கையுறை நாற்காலியில் கிடந்தது. மேசையிலிருந்த கத்திரிக்கோலை எடுக்கப் போர்டுப் பக்கம் கை நீட்டினேன் — 'கீ'. கையை எடுத்தேன் — அமைதி. மறுபடி நீட்டினேன் — 'கீ'. குனிந்து பார்த்தால் சென்சாரிலிருந்து அனலாக் பின்னுக்குப் போகும் ஒயர் துளையை விட்டு வெளியே நிற்கிறது. எதோடும் சேராத பின் அப்படித்தானாம், கிட்டே வருகிற கைக்கெல்லாம் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லுமாம். மகள் விளக்கினாள். அப்படியென்றால் நேற்று மடங்கியது விரல் இல்லை.

சொல்வதா, மறைப்பதா? உற்சாகமாகச் செய்கிறாரே, கெடுக்கணுமா? யோசித்து முடிப்பதற்குள் சமையலறையிலிருந்து குரல்: "நான் இங்க இருக்கேன், அது யாருக்குக் கத்துது?"

சொல்லிவிட்டேன். வந்து, வெளியே நிற்கும் ஒயரைக் குனிந்து பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிப்போய்ப் பார்த்தால் சிரிப்பு! "ஊரெல்லாம் தண்டோரா போட்டியேம்மா! என் விரல விட உன் ஒயரு நல்லா வேலை செய்யுது." அடிபட்ட பிறகு இவர் இப்படிச் சிரித்ததே இல்லை. நான்தான் அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, ஒழுங்கா மாட்டு. நெசமா என்ன காட்டுதுன்னு பாத்துருவோம்" என்றார்.

மார்ச் 10, திங்கள்

412. முக்கி முக்கி மடக்கினார். 413, 411, 412.

மார்ச் 13, வியாழன்

விரல் சும்மா இருந்தாலும் எண் ஒன்றிரண்டு தள்ளாடுகிறது. சென்சார் எண்ணை நிறைய தடவை படித்துச் சராசரி எடுக்கச் சொன்னாள் மகள். எடுத்தேன். இப்போது 412-இல் கல் மாதிரி நிற்கிறது.

இவர் மடக்கப் பார்த்தார். 414. விட்டார். 412. மறுபடியும் 414.

விரலையே உற்றுப் பார்த்தேன். அசைவே தெரியவில்லை. எண்ணுக்குத் தெரிகிறது!

"இந்த ரெண்டு என்னோடதா?"

"உங்களோடதுதாங்க."

"ஒயரு?"

"இழுத்துப் பாருங்க."

இழுத்துப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. "இன்னொரு தடவ" என்றார்.

414-க்கே கத்தும்படி பஸ்ஸரை மாற்றிவிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

460! கண்ணுக்கே மடங்குவது தெரிகிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்றேன். "என்னைய கல்லுங்கிறியா, எறும்புங்கிறியா?" என்று சண்டைக்கு வந்தார். நல்ல அறிகுறி.

மாடிவீட்டுக்காரர் கதவைத் தட்டி, "ஏதாச்சும் பறவை வளக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. கட்டைவிரல் வளக்கிறோம்."

மார்ச் 29, சனி

கட்டடக்காரர் போன் செய்தார். இவர்தான் எடுத்தார். நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இல்லீங்க, சாவி என்கிட்டயே இருக்கட்டும்."

உடனே மெஷினை மிதித்தேன். என்ன தைத்தேனோ, பிரிக்க வேண்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

"வா, உக்காரு" என்று நாற்காலியை ஜன்னலோரம் போட்டார். கையுறையும் இல்லை, பஸ்ஸரும் இல்லை. என் நெற்றிமேல் கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டேன் — முடி விழும் என்றுதான்.

கண்ணாடியில் பார்த்தால் நெற்றிமுடி இடப்பக்கம் நன்றாக ஏறி இருக்கிறது.

"கோணலா இருக்கா?"

"கோணல்தான்."

"சரி பண்ணட்டா?"

"தொட்டீங்கன்னா தெரியும்!"

சாயங்காலம் தைத்த துணியை வாங்க வந்த பெண் என் நெற்றியைப் பார்த்துத் திடுக்கிட்டுப்போனாள். "ஐயையோ, யாருக்கா இப்படி வெட்டுனது?"

"எங்க வீட்டுக்காரர்" என்றேன். அவளுக்குச் சரியாகக் கேட்டிருக்காதோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.