காலியா விட்ட வசனம்

ஏனுங்க,

நீங்க வரைஞ்சு அனுப்புன காமிக்ஸ் பக்கமெல்லாம் வாழவந்தியில எங்கண்ணன் ஊட்டுக்கு வந்து சேர்ந்துச்சுங்க. வசனம் எழுதிட்டேன். கதாநாயகன் நொம்ப இளைச்சிருக்கான். அவனுக்கு எப்பவும் உங்க மூஞ்சியத்தானே வரைவீங்க? ஒழுங்கா சாப்புடறீங்களா?

கடைசிப் பக்கத்துல, பஸ் ஸ்டாப்புல நனைஞ்சுக்கிட்டு கதாநாயகிகிட்ட மன்னிப்புக் கேக்கறான். அந்த வசன பலூனை மட்டும் காலியா விட்டிருக்கேன்.

எங்கண்ணன் முன்னாடி, "நீ என்னத்த எழுதிக் கிழிச்ச?"ன்னு கேட்டீங்க. இதுவரைக்கும் ஒம்பது காதல் கதையில உங்க கதாநாயகன் கேட்ட மன்னிப்பெல்லாம் நான் எழுதுனதுங்க.

இதை நீங்க எழுதுங்க. பஸ்ஸுல குடுத்தனுப்ப வேண்டாம், நேர்ல கொண்டாங்க. இங்க மழை, குடையை மறந்துராதீங்க.

எப்படி எழுதியிருந்தாலும் நான் திருத்த மாட்டேன்.

உங்க படத்துக்கு வசனம் எழுதறவ