தட்டின் இரண்டு பக்கமும் வெளிச்சம்

செப்டம்பர் 28, ஞாயிறு

பனி விலகுவதற்குள் கிளம்பிவிட்டோம். கெலாங் பாத்தாவிலிருந்து பெக்கான் நானாஸ் போகும் வழியில் அன்னாசித் தோட்டம் வரை. இரட்டைச் சைக்கிளில் முன்னால் நான், பின்னால் என் வீட்டுக்காரர் ஜீவன்.

இவருக்குப் பார்வை போய் இரண்டு வருஷமாகப் போகிறது. வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். அதனால் கண்ணில் படுவதையெல்லாம் சொல்லிக்கொண்டே மிதிப்பேன். சில சமயம் இல்லாததையும் சேர்த்துச் சொல்வேன். இன்று, வெள்ளைக் குதிரை ஒன்று மேய்கிறது என்றேன்.

"போன வாரம் கறுப்பா இருந்துச்சே" என்றார்.

வாரத்தில் இவர் வாய்விட்டுச் சிரிப்பது இந்த ஒரு காலையில்தான். மற்ற நாளெல்லாம் ஜன்னல், ரேடியோ. இந்தச் சைக்கிளும் இல்லாவிட்டால் என்ன ஆவார்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சைக்கிளைக் கழுவித் துடைத்து ஹாலுக்கே கொண்டுவந்து நிறுத்தினேன். சுண்டல் என் வேலை, விளக்கும் சந்தனமும் இவர் வேலை. அகலில் விரலை விட்டுத்தான் எண்ணெய் எவ்வளவு இருக்கிறதென்று பார்ப்பார். பிறகு என் தையல் மெஷின், அரிவாள்மனை, இவர் லிப்ட் பழுது பார்க்கச் சிங்கப்பூர் போய்வந்த காலத்து ஸ்பானர் பெட்டி என்று எல்லாவற்றுக்கும் தடவித் தடவிப் பொட்டு வைத்தார். சைக்கிளின் பின் சக்கரத்தில், பிரேக் பிடிக்கும் டிஸ்க் தட்டைக்கூட விடவில்லை. சுற்றிலும் பொட்டு, கோலப் புள்ளி மாதிரி. அழகாக இருந்தது. ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

தோட்டத்துக்கு முன்னால் வரும் இறக்கம். பனிக்குள் மிதந்து இறங்குவது போல இருந்தது, எங்கிருந்தோ சந்தன வாசம் வந்தது, காலையில் எந்தக் கோயில் என்று யோசித்துக்கொண்டே பின் பிரேக்கைப் பிடிக்கிறேன் — பிடிக்கவே இல்லை. மாடு கத்துவது மாதிரி ஒரு சத்தம்தான். முன் பிரேக்கையும் பிடித்து, காலையும் ஊன்றி, எப்படியோ புல்லில் ஏற்றி நிறுத்தினேன். விழவில்லை. செருப்பு ஒன்று போனது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் இவர் சொன்னார்: "போதும் சாந்தினி. இனிமே என்னைப் பின்னால ஏத்தாத."

அக்டோபர் 7, செவ்வாய்

வேலை முடிந்து வந்ததும் வீடியோ பார்த்துப் பார்த்துச் செய்தேன். தட்டைக் கவ்வி நிறுத்தும் பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். இரண்டு பேர் வேலை. தனியாக, பிரேக் பிடியையும் ஹாண்டில்பாரையும் சேர்த்து ரப்பர் போட்டு இறுக்கிச் செய்தேன். பின்னால் வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தால் தட்டின் இரண்டு பக்கமும் முடி அளவுக்கு வெளிச்சம் தெரிகிறது. எந்தப் பக்கமும் உரசவில்லை, சரியாகத்தானே இருக்கிறது? தெருவில் ஓட்டினேன். பிடிக்கவில்லை, கத்துகிறது.

ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் ஒரு நிமிஷம் பிரேக்கைப் பிடித்திருப்பார். கூப்பிடவில்லை. என்ன முகத்தோடு கூப்பிடுவது?

அக்டோபர் 10, வெள்ளி

பெர்மாஸ் ஜெயாவிலிருந்து தங்கை ஷர்மினி போன். "வித்துடு லா அக்கா. ரெண்டு பேரும் கைகால உடைச்சுக்கப் போறீங்க." யோசிக்கிறேன் என்றேன். மறுபடி முடுக்கினேன். மறுபடி அதே சத்தம். எனக்கு வேலை செய்யத் தெரியவில்லை. இவரை ஏற்றிக்கொண்டு போகும் தகுதி என் கைக்கு இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

எங்கும் போகாத ஞாயிறு. போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ரேடியோ நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு இறங்கறப்போ சந்தன வாசம் அடிச்சுச்சு. உனக்கு?"

"அடிச்சுச்சு."

"பிரேக் சூடானதுல வந்த வாசம். விளக்கு எண்ணெய் பட்ட விரலாலதான் பொட்டு வெச்சேன். எண்ணெய பேடு குடிச்சிருக்கும். நீ எவ்வளவு முடுக்கினாலும் பிடிக்காது."

"எப்பத் தெரியும்?"

"புல்லுல நிக்கிறப்பவே."

எனக்கு வந்த கோபம்! ஒரு வாரமாக என் கைதான் ஆகாத கை என்று நான் — கேட்டேவிட்டேன், ஏன் சொல்லவில்லை என்று.

"சொன்னா இனிமே விளக்குப் பக்கமே விடமாட்டே. எனக்கு மிச்சம் இருக்கிற வேலை அது ஒண்ணுதான்."

அந்தப் பொட்டை நின்று ரசித்தவள் நான்தானே. இவர் தொடையில் தலைவைத்து அழுதேன். அந்த விரலால் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 13, திங்கள்

மத்தியானம் பேடு ஒரு ஜோடி வாங்கினேன். ஷர்மினிக்குப் போன் செய்து, விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 18, சனி

தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தோம். புது பேடு மாட்டினோம். இவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, நான் முடுக்கினேன். பிறகு சக்கரத்தைச் சுற்றச் சொல்லிக் காதைக் கொடுத்தார்.

"உன் பக்கத்து பேடு லேசா உரசுது. மேல் போல்ட்ட விடு. கொஞ்சம். இப்பப் பிடி."

கண்ணை மூடிக்கொண்டு நானும் கேட்டேன். ஷ்ஷ்... ஷ்ஷ்... பிறகு காற்று மட்டும். சத்தமே இல்லாமல் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. மழை வரும் வரை அப்படியே இருந்தோம்.

"ரெண்டு பக்கமும் வெளிச்சம் இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய்க் குளியல். சைக்கிள் பக்கம் வராதீங்க என்றேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முகர்ந்து பார்க்கச் சொல்லி நீட்டினார். விளக்கு இவர்தான் ஏற்றினார்.

அக்டோபர் 26, ஞாயிறு

புது பேடு பழக வேண்டுமாம். சமதரையில் கொஞ்சம் ஓட்டி, பிடித்து, மறுபடி ஓட்டி, பிடித்து... ஒவ்வொரு தடவையும் இவர் மூக்கு என் முதுகில் இடித்தது. அப்புறம் இறக்கம் வந்தது. கீழே பனி, பாதி அன்னாசி வரிசை அதில் மூழ்கியிருந்தது. இவருக்குப் பயமாக இருக்குமே என்று முதலிலிருந்தே பிரேக்கை மெல்லப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். நன்றாகப் பிடித்தது. எந்த வாசமும் இல்லை.

"குதிரை இருக்கா?"

"இருக்கு. ரெண்டு."

பிறகு என் தோளுக்குப் பக்கத்தில் சொன்னார்: "பிரேக்க விடு சாந்தினி. வேகமாப் போலாம்."

விட்டேன்.