யூனிட்டுக்கு ஐந்து ரூபாய்

4.6.2007
ஓனர் ஸ்ரீரங்கன் இன்றும் எங்கள் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார். மெழுகுவர்த்தியில் எழுதுகிறேன். எட்டுக் குடித்தனத்துக்கும் ஒரே ஈ.பி. மீட்டர். எங்களிடம் அவர் வாங்குவது யூனிட்டுக்கு ஐந்து ரூபாய். கொஞ்சமாக எரிக்கிற வீடுகளுக்கு அரசாங்கம் மானியம் தருகிறது, யூனிட்டுக்கு ஒரு ரூபாய்கூட வராது, ஆனால் தனி மீட்டர் இருக்க வேண்டும் என்று சயின்ஸ் மிஸ் சொன்னார். நான் சொல்லி, அத்தா போய் ஓனரிடம் தனி மீட்டர் கேட்டார். ஓனர் வந்து அத்தாவின் தையல் மிஷினை எட்டி உதைத்துக் கவிழ்த்தார். அவர் போன பிறகு அத்தா அம்மாவை அறைந்தார். அம்மா என்ன தப்பு செய்தாள்?

11.6.2007
ஈ.பி. ஆபீசுக்கு மனு எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். மொட்டை மனு என்றால் கிழித்துவிடுவார்கள். அத்தா பெயரைப் போடப் பயம். பக்கத்து வீட்டு மீன்கார பூவராகன் அண்ணன் பெயரைப் போட்டேன். குழாயடியில் ஓனரைச் சத்தமாகத் திட்டுகிறவர் அவர்தான். அவருக்கு ஒன்றும் ஆகாது.

20.6.2007
ஆகிவிட்டது.
அந்த மனுவை ஆபீசில் யாரோ ஓனரிடமே கொடுத்திருக்கிறார்கள். மூன்று பேரோடு அண்ணன் வீட்டுக்கு வந்தார்.
"இன்னாடா, என் மேலயே பெட்டிசனா?"
"எனுக்கு எழுதவே தெரியாது சார். கைநாட்டு."
இரும்புக் கம்பி. அண்ணனின் வலது கை உடைந்த சத்தம் எங்கள் வீட்டுக்குள் கேட்டது. கதவுக்குப் பின்னால் தம்பி இர்ஃபானின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். கத்த வேண்டியவள் நான்தானே?

21.6.2007
தூக்கம் வரவில்லை. அந்தச் சத்தம்.

24.6.2007
எழுதியது யார் என்று தேடுகிறார்கள். கையெழுத்தை ஒத்துப் பார்க்க, நாளைக்கு எல்லாப் பிள்ளைகளின் நோட்டும் ஓனர் வீட்டுக்குப் போக வேண்டுமாம். பூவராகன் அண்ணன் மனைவி அங்காளம்மா அக்கா வந்து என்னையே பார்த்தார்.
"நீதானா ஹஃபீசா?"
தலையாட்டினேன். ஓங்கி அறைந்தார். உதடு கிழிந்தது. பிறகு என் பள்ளிக்கூட நோட்டுகளை எல்லாம் வாரி அடுப்பில் போட்டார். பாய்க்கு அடியில் இருந்த இந்த டைரி மட்டும் தப்பியது.
"ஒரு கை போனது போதும். வாய மூடிக்கினு இரு."

29.6.2007
ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்கும், அங்கிருந்து ஈ.பி.க்கும் தகவல் போய், இன்று ஈ.பி. இன்ஜினியர் விசாரிக்க வந்தார். வீடு வீடாகக் கேட்டார். ஓனர் கூடவே நின்றார். "கரண்டுக்குத் தனியா காசு வாங்கறதில்ல சார்" என்று எல்லோரும் சொன்னார்கள். அத்தாவும்.
நான் சொல்லிவிட்டேன். "அஞ்சு ரூபா சார். மனு எழுதினது நான்தான். அண்ணன் இல்ல."
அத்தா பெல்ட்டைக் கழற்றினார். முதுகு எரிகிறது. குப்புறப் படுத்து எழுதுகிறேன். ஓனர் தூக்கி எறிந்த எங்கள் சாமான்கள் தெருவில் கிடக்கின்றன.

2.9.2007
கூடுவாஞ்சேரிக்கு வந்து இரண்டு மாதம். அத்தா இன்னும் என்னிடம் பேசுவதில்லை. இன்று தாம்பரம் மார்க்கெட்டில் அங்காளம்மா அக்கா தனியாக மீன் விற்றுக்கொண்டிருந்தார்.
"எட்டு வூட்டுக்கும் தனி மீட்டர் வந்துச்சு. உங்க வூட்ல வேற ஆளுங்க கீறாங்க."
"அண்ணன் கை?"
"மடங்கல."
நான் காசு நீட்டினேன். அவர் வாங்காமல் இரண்டு மீனைக் கவரில் போட்டுக் கொடுத்தார்.