குழாய் உயர்ந்த வாரம்

மார்கழி 5, சனி

பனி. களத்தின் அந்தப் பக்கம் தெரியவில்லை.

காலை காபிக்குப் பிறகு முடிவெடுக்கப்பட்டது: டிராக்டரின் புகைக்குழாயை உயர்த்துவது. தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவனும் நானே. மல்லிகா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்ததால் எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை. எங்கள் மலையூர் புதூர்நாட்டின் வரலாற்றை இனி கு.மு., கு.பி. என்று பிரிக்கலாம். குழாய்க்கு முன், குழாய்க்குப் பின்.

காரணம் எழுதி வைக்க வேண்டும். நம்முடையது குட்டி டிராக்டர். குழாய் முழங்கால் உயரத்தில், தரையைப் பார்த்தபடி. உழவுக்குப் பரவாயில்லை. அறுத்த சாமையைக் களத்தில் பரப்பி அதன்மேல் சுற்றிச் சுற்றி ஓட்டும்போது புகை முழுக்கத் தானியத்தில். போன வருடம் மகளிர் குழுவின் சாமை மொத்தமும் என் சக்கரத்தில்தான் மிதிபட்டது. திருவண்ணாமலையிலிருந்து வாங்க வந்த அம்மாள் ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார். திரும்ப மூட்டையிலேயே போட்டார். "இன்னாம்மா இது, லாரி வாசன அடிக்குது?" மூட்டைகள் அவரவர் வீட்டுக்குத் திரும்பின. பொங்கல் அன்று ஊரே லாரி சாப்பிட்டது.

குழுத் தலைவி வேறு யாருமில்லை, என் மனைவி மல்லிகா. அன்றிலிருந்து குழுப் பெண்கள் என்னைப் பார்த்தால் மூக்கைத் தொட்டுக்கொள்கிறார்கள்.

அந்த அம்மாள் வரும் சனிக்கிழமை மறுபடி வருகிறார். இந்தத் தடவையும் வாசனை என்றால் இனி மலை ஏற மாட்டாராம். டிராக்டரே வேண்டாம், கதிரைத் தடியால் அடித்துக்கொள்ளலாமா என்று குழுவில் பேச்சு. மாட்டுத் தண்ணீரிலிருந்து திரும்பிய மல்லிகாவிடம் தீர்மானத்தை வாசித்தேன்.

"இன்னொரு வாட்டி அவங்க மோந்துட்டு வெச்சிட்டா, நான் குழுவுல குந்த முடியாதுங்க. பாத்துக்கோங்க."

பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன்.

மார்கழி 6, ஞாயிறு

வெயில் வந்தது, தாமதமாக. உள்ளங்காலில் வெடிப்பு. வேப்பெண்ணெய்.

உயரம் பற்றிய விவாதம். மல்லிகா: ஓட்டுகிறவர் தலைக்கு மேலே இருந்தால் போதும். நான்: தலைக்கு மேலே என்பது தொடக்கம், அதையே இலக்காக வைக்கக் கூடாது. அவள் தம்பி ரவி வந்திருந்தான். இந்த வருடம் அவனும் அதே மாதிரி டிராக்டர் வாங்கியிருக்கிறான். அதே முழங்கால் குழாய்.

"இன்னா மாமா, ரைஸ் மில்லு கட்டப் போறீங்களா?"

கோயில்களுக்குக் கொடிமரம் இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை என்றேன். அப்படியானால் கும்பாபிஷேகத்துக்குச் சொல்லி அனுப்பச் சொன்னான். மல்லிகா சிரித்தாள். எந்தப் பக்கம் என்று தெளிவில்லை.

மார்கழி 7, திங்கள்

திருப்பத்தூர் போனேன். வாங்கியவை: பழைய இரும்புக் கடையில் கறுப்புக் குழாய் ஒன்று, அதை மேலே திருப்ப முழங்கை வளைவு ஒன்று, பிடிப்பு வளையம், போல்ட். மல்லிகாவுக்குக் கொண்டை ஊசி. (கடைசி நிமிடத்தில் ஞாபகம் வந்தது. பாதுகாப்புச் செலவு.)

குழாய் ஜீப்பின் கூரையில் பயணம். பக்கத்தில் உட்கார்ந்தவர் போர்வெல்லா என்று கேட்டார். இல்லை என்று தொடங்கி முழுதும் விளக்கினேன். அடுத்த நிறுத்தத்தில் பின்சீட்டுக்குப் போய்விட்டார். அங்கே இடமே இல்லை.

மார்கழி 8, செவ்வாய்

பெரிய நாள்.

சேகரின் வெல்டிங் கடை ரோட்டோரம். கடை முன்னால் தரை சரிவு. இந்த மலையில் சரியாத தரை வேண்டுமென்றால் யாராவது மெழுகித்தான் வைத்திருக்க வேண்டும். டிராக்டரை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்தோம். சேகர் கண்ணால் பார்த்தே வைத்துவிடலாம் என்றார். நான் சம்மதிக்கவில்லை. வேலூரில் அச்சகத்தில் பிழை திருத்தியே வேலைக்காலத்தைக் கழித்தவன். ஒரு கொம்பு சாய்ந்தாலும் என் கண்ணுக்கு உறுத்தும். கொத்தனார் வீட்டுக்குப் போய்த் தூக்குகுண்டு இரவல் வாங்கி வந்தேன். சேகருக்கும் அது பிடித்துப் போயிற்று. நூல் ஆடி நிற்கும்வரை இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். பொறி பறந்தது. குழாய் நூலோடு நூலாக நின்றது.

"நம்ம மலைல இவ்ளோ நேரா வேற எதுவும் கெடையாது சார்."

மறுக்கவில்லை. வீடு வரை ஓட்டி வந்தேன். வழியில் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கும்பிட்டார். எனக்கா, குழாய்க்கா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

மழைத்தண்ணீர் இறங்காமலிருக்கக் குழாய் வாயில் பால்பவுடர் டப்பா கவிழ்த்தாயிற்று.

மார்கழி 9, புதன்

டப்பாவை எடுக்க மறந்து ஸ்டார்ட் செய்தேன். டப்பா மாட்டுக்கொட்டகைக் கூரையில். இழுவை நன்றாக இருக்கிறது என்பதற்கு ஆதாரம்.

களத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். களம் நேற்றுத்தான் சாணி போட்டு மெழுகியது. சமதரை. மல்லிகா இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள். அதிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"ஏங்க. குழா சாயுதே."

டிராக்டர் சாய்ந்திருக்கும் என்றேன். சாயவில்லை. நான் சாய்ந்து நிற்பதால் அவளுக்கு அப்படித் தெரிகிறது என்றேன். அதுவும் இல்லை. பின்பு புரிந்தது. சேகர் கடையில் இடப்பக்கச் சக்கரங்கள் பள்ளத்தில் இருந்தன. தூக்குகுண்டு பூமிக்கு விசுவாசமாக இருந்தது, டிராக்டருக்கு அல்ல. சமதரைக்கு வந்ததும் குழாய் வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. திண்ணமாக, எல்லோரும் பார்க்கும்படி.

குறிப்பு: பிழை குழாயில் இல்லை. புதூர்நாட்டில்.

குழுப் பெண்கள் வந்தார்கள். மூக்கைத் தொடவில்லை, வாயைப் பொத்திக்கொண்டார்கள். ரவியும் வந்தான். "இன்னா மாமா, உங்க கொடிமரம் சாராயம் சாப்ட்டுச்சா?" திருத்தி வைக்கலாம் என்றால் சேகர் படவேட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார், ஞாயிறுதான் வருவாராம். அம்மாள் சனிக்கிழமை வருகிறார்.

மல்லிகா சாப்பாடு போட்டாள், டம்ளரைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். குழம்பு நன்றாக இருந்தது என்றேன். அது ரசம்.

மார்கழி 10, வியாழன்

கடும் பனி. வேறு வழியில்லாததால் வெள்ளோட்டம். முதலில் எங்கள் வீட்டுக் கதிர் மட்டும். குழு தள்ளி நின்று பார்த்தது.

மார்கழிக் காலையில் புகை மேலே போகாது. கொஞ்சம் எழும்பி, குளிருக்குப் பயந்து அங்கேயே படுத்துக்கொள்ளும். குழாய் நேராக நின்றிருந்தால் அத்தனையும் களத்தின் மேலேயே இறங்கியிருக்கும். நாங்கள் களத்தில் சுற்றுவது இடப்பக்கமாக. குழாய் சாய்ந்தது வலப்பக்கமாக. புகை ஒவ்வொரு சுற்றிலும் வட்டத்துக்கு வெளியே, களத்து வரப்பைத் தாண்டி விழுந்தது. வரப்பில் ரவி நின்றிருந்தான். இருமினான். இடம் மாறினான். அங்கேயும் இருமினான்.

பெண்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு கை அள்ளி மோந்தார்கள். நான் இறங்காமல் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசனை இல்லை என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி மறுபடி மோந்தாள். பிறகு அவரவர் கதிர்க்கட்டை எடுத்துவரப் போனார்கள்.

இதற்காகத்தான் அப்படி வைத்தது என்று மல்லிகாவிடம் சொன்னேன். "சரி" என்றாள். அந்தச் சரியை எந்த அகராதியிலும் தேடிப் பயனில்லை.

மார்கழி 11, வெள்ளி

நாள் முழுக்கச் சுற்று. இடுப்பு போயிற்று. குழுவின் சாமை முழுதும் முடிந்தது. பெருமையோடு இதை எழுதும்போது இடது தோளும் போயிருப்பது தெரிகிறது.

மார்கழி 12, சனி

அம்மாள் வந்தார். வெயிலுக்கு முக்காடு. மூட்டை மூட்டையாகக் கைவிட்டு, மேலிருந்து அல்ல, அடியிலிருந்து அள்ளினார். மோந்தார். கையை மாற்றி மோந்தார். நாலு மணியை வாயில் போட்டு மென்றார். குழு மொத்தமும் அவர் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மல்லிகா மட்டும் தரையைப் பார்த்தாள். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள், விரல் வெளுக்கும்வரை.

"எட்த்துக்கறேம்மா. எல்லாத்தையும்."

மூட்டை ஏற்றும்போது ஓரமாக நின்ற டிராக்டரைப் பார்த்து, குழாய் ஏன் இப்படி இருக்கிறது, எங்காவது இடித்துவிட்டீர்களா என்று கேட்டார். ரவி வாயைத் திறந்தான். மல்லிகா முந்திக்கொண்டாள்.

"இடிக்கலீங்க. எங்கூட்டுக்காரரு கணக்கு பண்ணி சாய்ச்சு வெச்சாரு."

சாய்த்து வைத்தார். நேற்று வரை அது "சாய்ந்தது": தன்வினை. இன்று மல்லிகா வாயால் பிறவினை ஆயிற்று, எழுவாய் நான். என் வாழ்நாளில் பார்த்த திருத்தங்களில் இதற்கு மேல் ஒன்று கிடையாது. திருத்தியவளுக்கு அது தெரியும். போகிற போக்கில் என் பக்கம் திரும்பி, டப்பாவைக் கூரையிலிருந்து எடுத்தீர்களா என்று மட்டும் கேட்டாள்.

எடுத்தேன்.

மார்கழி 14, திங்கள்

பனி குறைவு. கன்றுக்குக் கழிச்சல், சுண்டைக்காய்ப் பொடி.

ரவி காலையிலேயே வந்தான். கீழ்க்கரை ஊர்க்காரர்கள் சாமை அடிக்க அவனைக் கூப்பிட்டிருக்கிறார்களாம், என்னுடையது மாதிரியே குழாய் வேண்டுமாம். "அதே மாதிரி மாமா, ஒரு நூல் மாறக் கூடாது." தூக்குகுண்டோடு கூடப் போனேன். சேகர் ஊரிலிருந்து வந்துவிட்டார். ரோட்டு வேலைக்குக் கொட்டிய கிராவலில் அவர் கடை முன்னால் தரை சமமாகிவிட்டது. ரவியும் சேகருமாகக் கடப்பாரை எடுத்து, டிராக்டரின் இடப்பக்கச் சக்கரங்களுக்குப் பள்ளம் தோண்டி இறக்கி, தூக்குகுண்டு பிடித்து, குழாயை நேராக வைத்தார்கள்.