ஐந்து முடிச்சுக் குளிசையால் நின்றுபோன ஹஜ் பயணம்

அனுப்புநர்:
மீராமுகைதீன் நூஹு,
கடற்கரை வீதி,
கல்முனைக்குடி.

பெறுநர்:
பெரிய அதிகாரி அவர்கள்,
விமானப் பயணிகளின் பொதிகளைப் பரிசோதிக்கும் பகுதி.

பொருள்: சத்துக் குளிசைகளைத் துணியில் முடிந்து கொண்டுவந்ததற்காக என்னையும் என் ராத்தாவையும் ஹஜ் விமானத்தில் ஏற்றாமல் திருப்பி அனுப்பியமை.

மதிப்புக்குரிய ஐயா,

1. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லப் பக்கத்து வீட்டு மகள் றபீக்கா எழுதுகிறாள். கோபமான இடங்களை விட்டுவிட்டு எழுதும்படி கேட்டிருக்கிறேன். அப்படியும் இவ்வளவு மிஞ்சியிருக்கிறது.

2. என் உடன்பிறந்த மூத்த ராத்தா சல்மா உம்மா கணவனை இழந்தவர். உரிய ஆண் துணையில்லாமல் அவர் ஹஜ்ஜுக்குப் போக முடியாது. அந்தத் துணை நான். என்னை நிறுத்தினால் அவரையும் நிறுத்தியதாகும். மக்கத்து வெயிலைத் தாங்க வேண்டுமென்று, குவைத்தில் வேலை செய்யும் அவர் மகன் காலிதீன் சத்துக் குளிசைப் போத்தல்கள் அனுப்பியிருந்தான். போத்தலில் உள்ள எழுத்து எங்கள் இருவருக்கும் விளங்காது. டிஸ்பென்சரி ஐயா சொன்னபடி ராத்தா பழைய சீலையைக் கிழித்து, சுபஹுத் தொழுகைக்குப் பின் விழுங்க வேண்டியதை ஒரு முடிச்சாகவும், லுஹருக்குரியதை இன்னொன்றாகவும், இப்படி ஐந்து நேரத்துக்கும் ஐந்து நிற நூலால் கட்டினார். பாங்கு கேட்டால் மருந்து மறக்காது.

3. காலியான போத்தல் ஒன்றின் மூடி நல்ல இறுக்கம் என்பதால், அதில் வறுத்த மாசிக் கருவாட்டுச் சம்பல் அடைத்துக்கொண்டார். போகிற இடத்துச் சாப்பாடு வாய்க்குப் பிடிக்காவிட்டால் உதவும் என்று.

4. சென்ற புதன்கிழமை விமான நிலையத்தில், மெல்லிய மீசையும் புதுக் கைக்கடிகாரமும் உள்ள தங்கள் உத்தியோகத்தர் எங்கள் பெட்டியைத் திறந்தார். முதல் முடிச்சைத் தூக்கி, இது என்ன குளிசை என்று கேட்டார். சுபஹு என்றேன். இது? லுஹர் என்றேன். அசர் வரும்போது அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “வயசுபோன ஆளென்று பார்த்தால் எனக்கே நக்கலா?” என்றார். கேட்டதற்குப் பதில் சொன்னதைத் தவிர நான் வேறு குற்றம் செய்யவில்லை. பிறகு மீனெண்ணெய்க் குளிசையை மணந்து பார்த்துத் தும்மினார். இன்னும் இருவரைக் கூப்பிட்டார். அவர்களும் மணந்து, அவர்களும் தும்மினார்கள். ஒரு குளிசைக்கு அரசாங்கம் மூன்று மூக்கு ஒதுக்கியிருப்பதை அன்றுதான் அறிந்தேன்.

5. அடுத்து மாசிப் போத்தலை எடுத்தார். மூடியைத் திறக்கவில்லை. லேபலை முன்னும் பின்னும் வாசித்துவிட்டு, “கொண்டுவாறதென்றால் இப்படிக் கொண்டுவரணும்” என்று வரிசையில் நின்றவர்களுக்கும் தூக்கிக் காட்டினார். ராத்தா பொய் சொல்லத் தெரியாதவர். “மகன், அது மாசிச் சம்பல்” என்றார். “வாசிக்கத் தெரியாட்டிப் பேசாம நில்லுங்க உம்மா. இது விற்றமின்” என்று அதட்டி, போத்தலுக்கு அனுமதி கொடுத்தார். ஆகவே ஐயா, எங்கள் பெட்டியில் பயணத் தகுதி பெற்றது மாசி மட்டுமே.

6. பிறகு ஐந்து முடிச்சையும் கத்தரிக்கோலால் வெட்டி ஒரே தட்டில் கொட்டினார். “கலக்காதீங்க மகன், எங்கட மஃரிபு அதுக்குள்ள கிடக்கு” என்று ராத்தா கெஞ்சியது அவர் காதில் ஏறவில்லை. குளிசைகளை வைத்துக்கொண்டு, இன்ன மருந்தென்று டொக்டர் கடிதம் காட்டும்வரை ஆட்களும் போக முடியாது என்றார். கல்முனைக்கு ஓடிப்போய்க் கடிதம் எடுத்துவரும் வரை விமானம் நிற்குமா? நாங்கள் வெளியே பெட்டிமேல் உட்கார்ந்திருந்தபோது அது எங்கள் தலைக்கு மேலால் போனது.

7. ஹஜ்ஜுக்குப் போகுமுன் வீடு வீடாகச் சென்று, செய்த பிழைகளை மன்னித்துப் பொருந்திக்கொள்ளும்படி கேட்பது எங்கள் வழக்கம். 1957 வெள்ளத்துக்கு அடுத்த கிழமை என் வேலியை என் காணிக்குள்ளே தள்ளிப் போட்ட அயல்காணிக்காரர் கச்சிமுகம்மது, அன்றுமுதல் என்னோடு கதைக்காதவர், என்னைக் கட்டிப்பிடித்து அழுது பொருந்திக்கொண்டார். நானும் வேலியை மறந்தேன். திரும்பி வந்த பின் சந்தையில் வைத்து, “நூஹு காக்கா, நான் பொருந்தினது போற ஆளுக்கு, திரும்பி வந்த ஆளுக்கில்ல” என்கிறார். எனக்கும் வேலி ஞாபகம் வந்துவிட்டது. தங்கள் உத்தியோகத்தரின் கத்தரிக்கோல் இவ்வளவு தூரம் வெட்டியிருக்கிறது.

8. கடைசி ஹஜ் விமானம் ஒக்டோபர் பத்தாம் திகதி வெள்ளிக்கிழமை புறப்படுகிறது. அதில் எங்கள் இருவருக்கும் இடம் வாங்கித் தர வேண்டுகிறேன். டொக்டர் கடிதம் இத்துடன் உள்ளது. குளிசைகள் வேண்டாம். அவை அந்தத் தம்பியிடமே இருக்கட்டும். அவருக்கும் சத்துத் தேவைப்படலாம்.

9. ராத்தா இன்னும் பயணப் பெட்டியைத் திறக்கவில்லை. றபீக்கா கொடுத்த சீலையை உடுத்திக்கொண்டு, விடிந்ததும் வாசலுக்கு வந்து, “தம்பி, பதில் வந்திச்சா?” என்று கேட்கிறார். “ஓம் ராத்தா, வழியில வருது” என்கிறேன். இந்த மனுவே இன்றைக்குத்தான் தபாலில் போகிறது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அவருடைய வயதில் உள்ளவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் அவருக்குச் சொல்லிவரும் இந்தப் பொய்யைப் பத்தாம் திகதிக்கு முன் உண்மையாக்கும் அதிகாரம் தங்களிடம் மட்டுமே இருக்கிறது.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,

(இடது பெருவிரல் அடையாளம்)
மீராமுகைதீன் நூஹு

இடம்: கல்முனைக்குடி
திகதி: 30.09.1980