வழியில் எழுந்த மலை

மானிப்பாய்
12.02.1992

அன்பு மகன் குலவீரசிங்கத்திற்கு அம்மா எழுதுவது. நானும் உன் ஐயாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், பாங்கொக்கில் உனக்கும் ஒரு குறையும் வராமல் பிள்ளையார் துணை நிற்கட்டும். உன் கடிதம் கிடைத்தது. ஏஜென்சிக்காரன் காசோடு தலைமறைவு, கனடாவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், திரும்பி வரப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். வாசித்த நேரம் தொட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்துவிடு ராசா என்று உடனே ஒரு கடிதம் எழுதி, கொழும்புக்குப் போகும் பக்கத்து வீட்டு லூர்த்தம்மாவிடம் கொடுக்க வைத்திருந்தேன். வந்து எங்கே இருப்பாய் என்று யோசிக்கவில்லை. ஆமிக்குப் பயந்து மயிலிட்டிக் கடற்கரை வீட்டை விட்டு ஓடிவந்த பிறகு ஐயாவுக்கே கடல் இல்லை, கிணற்றடியில் இருந்து காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார் பாவம்.

ஐயா கடல் தொழிலுக்குப் போன காலத்திலிருந்து நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், சுந்தர காண்டத்தில் அனுமார் கடல் தாவத் தொடங்கினால் கரையில் கால் வைக்கும்வரை புத்தகத்தை மூடுவதில்லை. நேற்று மாலை நான் வாசிக்க, அனுமார் நடுக்கடலில் நிற்கையில் குண்டு போடும் பொம்பர் வந்துவிட்டது. விளக்கை ஊதிவிட்டுப் பங்கர்க் குழிக்குள் ஓடினோம். எனக்குக் குண்டுப் பயம் வரவில்லை, அவரை அந்தரத்தில் விட்டுவிட்டேனே, என் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்றுதான் அழுதேன். விசரி, நீ புத்தகத்தை மூடினால் அவர் கடலுக்கை விழுந்துபோவாரோ, அவர் பறந்துகொண்டுதான் இருப்பார் என்று ஐயா ஏசிவிட்டு, மிச்சக் கதையைத் தானே சொன்னார். அவர் இலங்கைக்கு வரப் பறந்தார், உன்ரை மோன் இலங்கையை விட்டுப் போகப் பறக்கிறான் என்று ஒரு பகிடியும் விட்டார். கடலில் வழி மறித்து, விழுங்க வாயைப் பிளந்து நின்ற அரக்கியோடு அனுமார் மல்லுக்கட்டவில்லையாம், சின்ன உருவாகி உள்ளே போய் வெளியே வந்தாராம். அதற்கு முதல் மைநாக மலை எழும்பி, களைச்சுப்போனாய், இருந்து சாப்பிட்டுப்போட்டுப் போ என்றதாம். அது அன்பிலைதான் கூப்பிட்டது, எண்டாலும் வழியிலை நிக்கிற கல்லுத்தானே, கையாலை தொட்டுப்போட்டு அவர் போயிட்டார் என்றார். அந்த இருட்டில் கேட்டுக்கொண்டிருக்க, பங்கரே வள்ளமாகி மெல்ல ஆடுவதுபோல இருந்தது, உப்புக் காற்று மணத்தது, முன்பக்கத்து அணியத்தில் நீ படுத்திருந்தாய். உன்னை எழுப்ப மனம் வரவில்லை.

இன்று காலை, வந்துவிடு என்று நான் எழுதி வைத்திருந்த அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டேன். கனடாவிலிருந்து அக்கா பத்மாவதி வேறு வழி பார்ப்பதாக எழுதியிருக்கிறாள், அதுவரை பொறுத்திரு. அங்கத்தைப் பொலிசுக்காரன் மறித்துக் கத்தினால் உன் கோபத்தைக் காட்டாதே, சின்ன ஆளாகி வெளியே வந்துவிடு. வெக்கைக்குத் தலைக்கு எண்ணெய் வை, நேரத்துக்குச் சாப்பிடு.

நீ வரவேண்டும் என்றுதான் எனக்கு இப்போதும் ஆசை. அந்த மலை நான்தான் மகன். இந்தக் கடிதத்தை ஒருதரம் தொட்டுவிட்டுப் போ.

நீ கரை சேர என் ஆசீர்வாதம்.

உன் அம்மா
தம்பிஐயா கனகாம்பிகை