ஆஸ்பத்திரி பேப்பர்

திருக்கழுக்குன்றம்
8.9.2025

கண்ணு அம்சா,

நீயும் ஜெயக்குமார் தம்பியும் கீர்த்தனாவும் சுகம்தானே? உன் அண்ணனுக்கு இருமல் விட்டது, என்னைத் திட்டுவது மட்டும் விடவில்லை.

அக்டோபர் இரண்டு கிராம சபையில் உங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் அருணகிரி ஒரு தீர்மானம் கொண்டுவருகிறாராம். ஜனத்தொகை குறைந்தால் எம்.பி. சீட்டு குறையும் என்று டி.வி.யில் கத்துகிறார்களே, அதே பேச்சு. துணை சுகாதார நிலையத்துக்கு வரும் குடும்ப நலப் பணத்தை நிறுத்தி, குழந்தைப்பேறு மையம் கட்டச் சொல்லி அரசைக் கேட்கப் போகிறார்கள். மையம் வரட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் இந்தப் பணம் நின்றால் நெம்மேலிப் பெண்கள் ஒரு கருத்தடை மாத்திரைக்கும் பஸ் ஏறணும். வார்டு மெம்பர் நீ எழுந்து பேசினால் நாலு பேர் கேட்பார்கள். அரசு ஊழியர் நான் வாய் திறக்கக் கூடாது. போனில் சொன்னால் யார் காதில் விழுமோ என்றுதான் தபால். படித்ததும் கிழித்துவிடு.

உன் அண்ணி
விஜயகுமாரி

நெம்மேலி
13.9.2025

அண்ணிக்கு அம்சா எழுதுவது.

கிழிக்கவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

போன வாரம் குழந்தை நிற்காதவர்களுக்கான இலவச முகாமுக்குப் போனேன். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "ஏம்மா, உள்ள காப்பர்-டி இருக்கு. அதை வெச்சுக்கிட்டு ரெண்டாவது வேணும்னு வந்து நிக்கிற?" என்றார். பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு வெளியே நின்றிருந்தாள். நான் வீடு வந்து சேர்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. வீட்டுக்காரர் கேட்கிறார்: "நீயே போய் வெச்சிகினு நாலு வருசமா என்னை ஏமாத்திகினு கீறியா? இன்னா கதை இது?" சத்தியம் செய்தேன், நம்பவில்லை. சோறு வேண்டுமென்றாலும் கீர்த்தனாவிடம்தான் கேட்கிறார்.

ஆறு வருடம் முன்னால் கீர்த்தனா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் ட்யூட்டி நர்ஸ் நீங்கள். அதற்கப்புறம் என்னை எந்த நர்ஸும் தொட்டதில்லை. இப்போது குடும்ப நலப் பணத்துக்கு நீங்கள் துடிக்கிற துடிப்பைப் பார்த்தால் எனக்கு எங்கேயோ உதைக்கிறது. பதில் எழுத்தில் வேண்டும். போன் பேச்சை அப்புறம் மாற்றிவிடலாம்.

அம்சா

திருக்கழுக்குன்றம்
17.9.2025

கண்ணு,

உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அந்த வருடம் எத்தனையோ பிரசவம், யாருக்கு என்ன என்று ஞாபகம் இருக்குமா? டாக்டர் முடிவு செய்திருப்பார். நீயே கையெழுத்துப் போட்டு, வலியில் மறந்திருப்பாய். எடுத்துவிட்டால் போச்சு, ஐந்து நிமிட வேலை. தம்பியிடம் நான் பேசுகிறேன். கிராம சபையை மறந்துவிடாதே.

அண்ணி

நெம்மேலி
20.9.2025

அண்ணி,

எத்தனையோ பேரில் ஒருத்தியா நான்? அம்மா இல்லாத வீட்டுக்குத் தலைப்பிரசவத்துக்கு உங்களை நம்பி வந்தவள். பிள்ளை பெற்ற உடம்புக்கு வெந்நீர் ஊற்றியது நீங்கள். உங்களுக்கா ஞாபகம் இல்லை?

இரண்டு வருடம் முன்னால் மலையில் பிள்ளை வரம் வேண்டித் தொட்டில் கட்டினோமே. சேலையைக் கிழித்துக் கொடுத்தது நீங்கள். முடிச்சு இறுகவில்லை என்று அவிழ்த்து மறுபடி கட்டினதும் நீங்கள். அப்போது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுதுங்கள். இல்லையென்றால் உங்கள் முதல் கடிதத்தைச் சபையில் வாசிப்பேன்.

அம்சா

திருக்கழுக்குன்றம்
25.9.2025

அம்சா,

தெரியும்.

அன்று உன் ரத்தம் ஏழுகூட இல்லை. வார்டு வாசலிலேயே ஜெயக்குமார், "அடுத்தது பையன்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உடனே இன்னொன்று நின்றால் நீ பிழைக்க மாட்டாய் என்று பயந்தேன். அது உண்மை. அன்று மாதக் கடைசி, எங்கள் காப்பர்-டி இலக்குக்கு இரண்டு பேர் குறைந்தார்கள், மேலிடத்தில் திட்டிக்கொண்டிருந்தார்கள். அதுவும் உண்மை. எது முதலில் மனசில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. "ஆஸ்பத்திரி பேப்பர், போடு" என்று பேனாவைக் கொடுத்தேன். நான் கொடுத்ததால் நீ படிக்காமல் போட்டாய்.

மூன்று வருடத்தில் சொல்லி எடுத்துவிடலாம் என்றிருந்தேன். தள்ளிக்கொண்டே போனது. தொட்டில் கட்டின அன்று சொல்ல வாயெடுத்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டேன்.

இதைத் தம்பியிடம் காட்டு. சபையில் வாசித்தால் என் வேலை போகும். வாசிக்காதே என்று கேட்க எனக்கு முகமில்லை.

விஜயகுமாரி

நெம்மேலி
4.10.2025

செவிலியர் விஜயகுமாரி அவர்களுக்கு, வார்டு உறுப்பினர் அம்சா எழுதுவது.

கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். அன்றைக்கு என்னிடமே சோறு கேட்டார்.

திங்கட்கிழமை எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடம்தான், நீங்கள் சொன்னது சரி. பேப்பரை முழுக்கப் படித்த பிறகு கையெழுத்துப் போட்டேன்.

சபைக்கு அதே கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். அருணகிரி எழுந்து, "இந்தப் பணம் எதுக்கு? நர்சுங்க நம்ம பொம்பளைங்களுக்குத் தெரியாமலே வெச்சி வுடறாங்க" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கை பைக்குள் போய்விட்டது. எதிரில் பிரதீபா மடியில் மூன்றாவதோடு உட்கார்ந்திருந்தாள். நாலாவது வேண்டாம் என்று என்னிடம் வந்து அழுதவள். கையை வெளியே எடுத்தேன்.

"நம்ம ஊர்க் கடல் தண்ணிய குடிதண்ணியாக்கி மெட்ராசுக்கு அனுப்பப் பணம் கீது, எங்க மாத்திரைக்கு இல்லையா? மையமும் கட்டுங்க, இதையும் வுடுங்க" என்றேன். பணம் நிற்கக் கூடாது என்று முடிவானது. கூடவே ஒன்று சேர்க்கச் சொன்னேன்: வலி வருவதற்கு முன்னால், ஏழாம் மாதமே, பேப்பரைக் கர்ப்பிணிக்கு வாசித்துக் காட்டிச் சம்மதம் கேட்க வேண்டும். அதுவும் நிறைவேறியது.

உங்களுக்காகப் பேசவில்லை.

தீபாவளிச் சீரோடு அண்ணன் மட்டும் வரட்டும். அத்தை எங்கே என்று கீர்த்தனா கேட்பாள். ட்யூட்டி என்று சொல்லிக்கொள்கிறேன்.

அம்சா